நிறுத்தாத மாத்திரை

"தீர்ப்பு வரைக்கும் பையனுக்கு மாத்திரையை நிறுத்திடுங்கம்மா" என்றார் வக்கீல்.

அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த மகள்தான் கேட்டாள்.

"நிறுத்தினா தம்பிக்கு மறுபடியும் முத்திடுமே சார்?"

"முத்தட்டும். அதுதானே வேணும்!" வக்கீல் மேஜையை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தார். "அப்பாவை இஸ்திரிப் பெட்டியால அடிச்சப்போ அவன் சுயபுத்தியில இல்லைன்னு நாம சொல்றோம். சரி. அதுக்கு முன்னாடி அவனை ஒரு டாக்டர்கிட்டயாவது காட்டியிருக்கீங்களா? ஒரு துண்டுச் சீட்டு இருக்கா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தன் கல்யாணம் முடிகிறவரை தம்பியை எந்த டாக்டரிடமும் கூட்டிப்போகக் கூடாது, வெளியே தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் ஓடிப்போவார்கள் என்று அழுது அடம்பிடித்தவள் அவள்தான். கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. அப்பா செத்தது அதற்கு அடுத்த மாதம்.

"ஜட்ஜும் மனுஷன்தானே?" வக்கீல் விடவில்லை. "போலீஸ் புடிச்சுட்டுப் போனப்புறம்தான் வைத்தியமே ஆரம்பிச்சுது. ஜாமீன்ல வீட்டுக்கு வந்தவனை நீங்களும் நல்லாத் தேத்திட்டீங்க. இப்படியே தெளிவா கூண்டுல வந்து நின்னான்னா, அன்னைக்கும் தெளிவாத்தான் இருந்திருப்பான்னு நினைப்பார். ஆயுள் தண்டனை! நாலு வார்த்தை உளறினான்னா ஜெயிலுக்குப் பதிலா ஆஸ்பத்திரி. அங்க போனப்புறம் மாத்திரையைக் கொடுத்துக்கலாம். என்ன, புரியுதா?"

"புரியுது சார்" என்றாள் அம்மா.

புரிகிறது என்றுதான் சொன்னாள். சரி என்று சொல்லவில்லை. வக்கீலும் மகளும் அதைக் கவனிக்கவில்லை.

தீர்ப்பு நாளன்று மகன் முகம் மழித்து, தலை வாரி, சட்டைப் பித்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு வந்தான். வக்கீல் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க என்ன செஞ்சீங்கன்னு உங்களுக்குத் தெரியுதா?" நீதிபதி கேட்டார்.

"தெரியுதுங்க ஐயா. அன்னைக்கு அப்பா முகத்தை மாட்டிக்கிட்டு வேற எவனோ எங்க தையல் கடைக்குள்ள வந்து உக்காந்திருக்கான்னு நினைச்சேன். அவனைத்தான் அடிச்சேன். அடிச்சது அப்பாவைத்தான்னு இப்போ தெரியுது."

கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல் சொன்னான். இப்படிப் பேசுகிறவனுக்கு மனநோய் என்றால் யார் நம்புவார்கள்? நீதிபதியும் நம்பவில்லை. குற்றவாளிதான் என்றார். தண்டனையைப் பற்றி வீட்டார் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

அம்மா எழுந்து நின்றாள்.

"ஜெயில்ல இவனுக்கு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறக் கூடாதுங்க ஐயா."

அவ்வளவுதான். குறைத்துக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆயுள் தண்டனை என்று வந்தபோது அவள் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

கோர்ட் வராந்தாவில் தீர்ப்புச் சொல்ல நீதிபதியே தேவையில்லை. தன் கேஸுக்காகக் காத்திருந்த ஒரு பெண், பக்கத்தில் இருந்தவளின் காதைக் கடித்தாள். "கட்டின புருஷனைக் கொன்னவனாச்சே! வன்மம் போகுமா?"

மகளுக்கு அது கேட்டுவிட்டது. அம்மாவின் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தாள்.

"நீ மாத்திரையை நிறுத்தவே இல்லையா?"

"இல்லை. இன்னைக்குக் காலையிலகூட நாக்கைத் தூக்கச் சொல்லி, முழுங்கிட்டானான்னு பாத்துட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன்."

"அடிப்பாவி! பழி தீத்துக்கிட்டியா? இத்தனை நாள் பக்கத்துல உக்காத்தி வச்சு அவனுக்குச் சோறு போட்டது இதுக்குத்தானா?"

"இப்படி ஒரு தாயை நான் பாத்ததே இல்லைம்மா" என்றார் பின்னால் வந்த வக்கீல்.

கீழே மகனைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வண்டி கிளம்பித் தெருமுனை திரும்புகிறவரை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம்தான் வாய் திறந்தாள்.

"போன மழைக்காலத்துல ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வராம ரொம்ப நாள் இழுத்துடுச்சே, உனக்குத் தெரியுமா?"

"தெரியாதே" என்றாள் மகள்.

"எப்படித் தெரியும்? நீதான் வீட்டுப் பக்கமே எட்டிப் பாக்கலையே. கடையைத் திறந்து வச்சுக்கிட்டு, உங்கப்பா டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு, வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தான். 'நான் கொன்னது வேற எவனையோ, அப்பா நூல் வாங்கப் போயிருக்கார், இப்போ வந்துடுவார்'னு என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னான். அப்பாவுக்கும் சேத்து டீ போடச் சொன்னான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மாத்திரை வந்துது. கொடுத்தேன். தெளிஞ்சுது." அம்மாவின் குரல் முதல்முறையாக உடைந்தது. "தெளிஞ்ச அன்னைக்கு டேப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு, 'அப்பாவை நானாம்மா கொன்னேன்?'னு கேட்டான். முதல் தடவை தெரிஞ்சப்போ எப்படித் தலையைச் சுவத்துல மோதிக்கிட்டானோ, அதே மாதிரி மோதிக்கிட்டான். இழுத்துப் பிடிக்க என்னால முடியலை."

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்போ நிறுத்திட்டு, அப்புறம் கொடுத்துக்கலாம்னு சொன்னீங்களே சார்... பெத்த அப்பனை என் பிள்ளை இன்னும் எத்தனை தடவை கொல்லணும்?"