குடைக்கு ஆசைப்பட்டவள்

"ஒரு குடைக்காகவோ அன்ரோனெற், ஒரு குடைக்காகவோ இந்தச் சனியன் பிடிச்ச சிம்மை வாங்கினனீ?"

சிங்கராசா புதுப் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, பேசாலையில் உள்ள தன் வீட்டின் விறாந்தைக்கும் குசினிக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தார். ஒரு கோடுகூட சிக்னல் இல்லை.

கிணற்றடியில் போன் ஒருமுறை சிணுங்கியது. ஆவலோடு பார்த்தார். 'இந்தியா உங்களை வரவேற்கிறது' என்று குறுஞ்செய்தி வந்திருந்தது.

"பார், இந்தியாக்காரன்ர சிக்னல் கடல் தாண்டி வருது. நீ வாங்கின குயில் சிம்முக்கு வாசல் தாண்டி வரேல்லை."

அன்ரோனெற் மீனில் செதில் எடுப்பதை நிறுத்தவில்லை.

"சிம்மோட சும்மா குடுக்கிறது, நல்ல குடையாம். இப்ப முடிஞ்சுதாம். பிறகு வந்து எடுக்கட்டாம்."

"குடையும் இல்லையோ? நல்ல வியாபாரம்."

பழைய போன் சிம்மோடு கடலுக்குள் போயிருந்தது. புதுப் போனைத் தெரிவு செய்ய, மன்னார் ரவுணில் முனவ்வரின் கடையை அரை நாள் ஒரு வழி பண்ணியவர் சிங்கராசாதான். பச்சைப் பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறொன்றும் தெரியாத மனுசனுக்கு, இருட்டில் படமெடுக்கும் கமரா வேண்டுமாம். கடையில் இருந்த பெட்டி எல்லாம் இறங்கின. கடைசியில் அடையாள அட்டையை வீட்டில் விட்டு வந்தது தெரியவர, "சிம்மை உன்ர பேரில எடு, அது சின்ன வேலைதானே" என்று மனைவியிடம் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார். தேத்தண்ணி ஆறுவதற்குள், ஊரே சங்கு சிம் வைத்திருக்க, அன்ரோனெற் குயில் சிம் வாங்கி முடித்துவிட்டாள்.

"நாளைக்கே மாத்துறம்" என்றார்.

"நம்பரை அஞ்சலாவுக்குக் குடுத்திட்டன். பிள்ளை பெறப்போற நேரத்தில நம்பரை மாத்தி அவளைக் குழப்பப் போறீங்களோ?"

அதோடு அவர் சிம் மாற்றும் கதையை விட்டார். மகள் அஞ்சலா கட்டாரில் இருந்தாள். அவளுக்கு இது தலைப்பிள்ளை. பின்னேரம் அவள் குரலைக் கேட்காவிட்டால் சிங்கராசாவுக்குச் சோறு இறங்காது.

"மேற்கு வேலியடியில நிண்டால் எடுக்குது. நான் பாத்தனான்" என்றாள் அன்ரோனெற்.

"அந்த மனுசன்ர வேலியடியிலயோ?"

"வேலி எங்கட பக்கமும்தானே இருக்கு."

'அந்த மனுசன்' என்பது அவருடைய கூடப்பிறந்த அண்ணன் அலெக்ஸாண்டர். அஞ்சலாவின் கலியாணப் படத்தில் அண்ணனை ஓரத்தில் நிற்க விட்டார்களாம். அண்ணன் கோபித்துச் சாப்பிடாமல் போனாராம். தம்பி போய்க் கூப்பிடவில்லையாம். இந்த மகா யுத்தத்துக்காக இரண்டு கிழவர்களும் ஒரே கோயிலில் ஆளுக்கொரு பக்கம் இருந்து பூசை கண்டார்கள். சாமியார் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்லும் நேரம் வந்தால் முன்னால் பின்னால் இருப்பவர்களுக்கெல்லாம் கும்பிடு போடுவார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

வேறு வழியில்லை. சிங்கராசா அண்ணனின் வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கதைத்தார். மீன்பிடி வள்ளத்தின் இஞ்சின் சத்தம் கேட்டுக் கேட்டுக் காது மந்தமானவர். அதனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். அஞ்சலா என்ன சாப்பிட்டாள், டொக்டர் என்ன சொன்னார், எல்லாம் அடுத்த வளவுக்கும் போயிற்று.

ஒருநாள் அஞ்சலா பேச்சை நிறுத்தினாள்.

"அப்பா, பின்னால இருமுறது ஆர்? பெரியப்பாவோ?"



"ஓம் பிள்ளை, நான்தான்" என்றது வேலி. "சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுக்கிறனெண்டாய், அது நிண்டிட்டுதோ?"

"நிண்டிட்டுது பெரியப்பா." அவள் அழுதுவிட்டாள். "என்னோட கதைக்கமாட்டீங்களெண்டு நினைச்சன்."

"உன்னோட எனக்கென்ன கோவம்?"

அவர்கள் கதைத்து முடியும்வரை சிங்கராசா போனைப் பிடித்தபடி கட்டை மாதிரி நின்றார். கடைசியில் வேலிக்கு மேலால் ஒரு கதிரை வந்தது.

"இதில இருடா. உனக்கு முழங்கால் ஏலாதெல்லோ."

சிங்கராசா இருந்தார். அடுத்த நாள் வேலியில் இரண்டு கிடுகு கழன்றது. அதற்கடுத்த நாள் ஆள் போய்வர வழி வந்தது. பிறகு மாரி மழை வந்தது. போன் கதைக்கும் நேரம் இரண்டு கிழவர்களும் ஒரு பொலித்தீனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நனைந்தார்கள்.

அப்போதுதான் சிங்கராசாவுக்கு அந்தக் குடை ஞாபகம் வந்தது. நேரே முனவ்வரின் கடைக்குப் போனார்.

"தம்பி, சிம்தான் உதவாது. குடையையாவது தாரும்."

"என்ன குடை அண்ணே?"

"குயிலுக்குக் குடுக்கிற குடை. அதுக்கு ஆசைப்பட்டுத்தானே என்ர மனுசி இந்தக் குப்பையை வாங்கினவ."

முனவ்வர் முழித்தான்.

"குடை சங்குக்காரர் குடுக்கிறது அண்ணே. குயிலுக்கு ஒரு பேனைகூட இல்லை."

"அப்ப ஒண்டும் தெரியாத பொம்பிளையெண்டு ஏமாத்தியோ வித்தனீர்?"

"அல்லாவே, நானோ ஏமாத்தினனான்? உங்கட அண்ணன் வீட்டுக்கும் நான்தானே குயில் குடுத்தது. குயில் சிக்னல் அவற்ற வளவோட நிண்டிடும், உங்கட வீட்டுக்கை ஒரு கோடும் வராது எண்டு தலையில அடிக்காத குறையாச் சொன்னனான். அக்கா கேட்டால்தானே."

"என்ன சொன்னவ?"

"'அதைத்தான் தம்பி தேடி வந்தனான், சுறுக்காப் போடும், மனுசன் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திடும்' எண்டவ."