நீலச் சட்டைத் துரை

சஞ்சயனுக்குப் பால் தேத்தண்ணி. கட்டின புருசனுக்கு வழக்கம்போலப் பிளேன்டீ. தனுஷனுக்கு அப்போதே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

"பால்மா முடிஞ்சிருச்சுன்னு காலையில சொன்னியே?"

"விருந்தாளி வந்தா வேணுமேன்னு கொஞ்சம் ஒளிச்சு வச்சிருந்தேங்க" என்றாள் சுதர்ஷினி.

விருந்தாளி ஒன்றும் புது ஆளில்லை. தலவாக்கலையில் இவர்களோடு படித்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த கணக்கு வாத்தியாரின் மகன். இப்போது கொழும்பில் கம்ப்யூட்டர் கம்பனி ஒன்றில் நல்ல வேலை. பத்து வருசம் கழித்து, தேயிலைத் தோட்டத்து லய வீட்டைத் தேடிப் பிடித்து வந்திருக்கிறான்.

"சுதா, இதைப் பாருங்கோ" என்று பையிலிருந்து கையடக்கமான ஒரு கேம் மெஷினை எடுத்தான்.

சுதாவாம் சுதா! தாலி கட்டியவனே முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான்.

"எங்கட பழைய கேம் மச்சான். அதே கதையைப் புதுசாச் செய்து விட்டிருக்கிறாங்கள். அப்ப ஜப்பான் எழுத்தில எல்லோ இருந்தது? இது முழுக்க இங்கிலீஷ்!"

தனுஷன் பிளேன்டீக் கோப்பையைப் படாரென்று கீழே வைத்தான்.

காரணம் இருந்தது. தொண்ணூற்றெட்டில் தலவாக்கலை கேம் கடையில் அவனுக்கும் சஞ்சயனுக்கும் அந்த விளையாட்டுத்தான் ராஜா. வாளோடு ஒரு பையன் ஊர் ஊராகப் போவான், எதிர்ப்படுகிறவர்களோடு பேசுவான், கதை நகரும். ஆனால் பேச்செல்லாம் ஜப்பான் எழுத்தில் வரும். "எங்க சித்தப்பா ஜப்பான் கப்பல்ல இருந்தவரு. எனக்கு வாசிக்கத் தெரியும்" என்று தனுஷன் ஒரு போடு போட்டான். அவ்வளவுதான், அன்றிலிருந்து கதை சொல்கிறவன் அவனே.

நீலச் சட்டைக்காரனைத் தோட்டத்தை ஆளுகிற பெரிய துரை ஆக்கினான். அருவியோரம் நின்ற கற்சிலையை, துரைக்குப் பணியாததால் கல்லாகிப்போன கொழுந்தெடுக்கும் பெண் ஆக்கினான். பள்ளிக்கூடம் விட்டுத் தோட்டத்துக்கு ஏறி வருகிற வழியெல்லாம் இந்தக் கதைதான். கூட நடந்து வந்த பிள்ளைகளில் அதைக் கேட்டுத் தேம்பித் தேம்பி அழுதவள் சுதர்ஷினி. காதல் முளைத்ததே அந்தக் கண்ணீரில்தான்.

அத்தனையும் சுத்தப் புளுகு. இன்றுவரை அவளிடம் அவன் மூச்சு விட்டதில்லை.

"புதுசெல்லாம் பழசு மாதிரி வருமாடா? சும்மா கலர் கலரா காட்டுவானுங்க. உள்ள வை" என்றான்.

"நான் இன்னும் தொடங்கேல்லை மச்சான். உங்களோட இருந்து பாக்கத்தான் வைச்சிருந்தனான்."

"நீங்க வாசிச்சுக் காட்டுங்கண்ணே!" என்று சுதர்ஷினி சஞ்சயன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சின்னத் திரையை இரண்டு பேரும் தலை முட்டுகிற மாதிரி குனிந்து பார்த்தார்கள். எட்டியிருந்த தனுஷனுக்கு நீலமும் பச்சையும் மட்டுமே தெரிந்தன. கிட்டப் போயும் பிரயோசனமில்லை. அவனுக்கும் ஓ.எல். பரீட்சை இங்கிலீஷுக்கும் அந்தக் காலத்திலிருந்தே ஆகாது.

சஞ்சயன் வாயைத் திறந்தான். நிறுத்தினான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நீலச் சட்டைக்காரன் கதைக்கிறான். 'நான்தான் இந்த மலைக்கே பெரிய துரை. என்ர சொல்லுக்குப் பணியாததாலதான் அந்தக் கொழுந்தெடுக்கிற பெட்டை கல்லாகி நிக்கிறாள்' எண்டு சொல்லுறான்."

தனுஷனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் விட்ட புளுகு எப்படி ஜப்பான்காரன் மெஷினுக்குள் போனது? ஒருவேளை, தனக்கு நிஜமாகவே அந்த எழுத்துப் பிடிபட்டிருந்ததோ?

"நான் அன்னைக்கே சொன்னேன்ல!" என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

அப்போதுதான் அதைப் பார்த்தான். சுதர்ஷினி திரையிலிருந்து கண்ணை எடுத்துச் சஞ்சயனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். இரண்டு பேரும் கமுக்கமாக ஒரு சிரிப்புச் சிரித்தார்கள்.

தனுஷனுக்கு உச்சி முதல் பாதம்வரை பற்றிக்கொண்டது. தன்னோடு அவள் இப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆகிறது? ஒரு கேம் மெஷினைக் கொண்டுவந்து காட்டினால் போதுமா?

"ட்ரெய்ன் போயிரும்டா" என்று நேரத்துக்கு முன்னாலேயே விருந்தாளியைக் கிளப்பினான்.

சஞ்சயன் மெஷினைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாசலில் அவன் தோளைத் தட்டினான். "நீ சொன்னது சரி மச்சான். பழசு பழசுதான்."

சஞ்சயனின் தலை பாதை வளைவில் மறையும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த தனுஷன், விறுவிறுவென்று உள்ளே வந்தான்.

"அவனப் பாத்து என்னடி அப்பிடி ஒரு சிரிப்பு?"

சுதர்ஷினி கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நானும் ஓ.எல்.ல இங்கிலீஷ் பாஸ் பண்ணுனவதானுங்க. அந்த நீலச் சட்டை துரையே இல்ல. பையனோட அப்பாவாம். அருவிகிட்ட நிக்கிறது வெறும் சிலையாம். எழுதியிருக்கிறது ஒண்ணு, உங்க மானத்தக் காப்பாத்த அண்ணன் சொல்றது ஒண்ணு. சிரிக்காம என்ன பண்றது?"

தனுஷன் தலையைச் சொறிந்தான். சமாளிக்க ஒரு புளுகும் வரவில்லை.

"அப்ப… இத்தன வருசமா ஏமாத்திட்டேன்னு கோவமா?"

"யாரு ஏமாந்தா?" அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். "ஒங்க சித்தப்பா கப்பல்ல இல்ல, கொத்மலைத் தோட்டத்துல கொழுந்து எடை போட்டவருன்னு எனக்கு அப்பவே தெரியும். அது ஒங்க சொந்தக் கதைன்னு தெரிஞ்சுதாங்க அழுதேன்."