சின்ன மாப்பிள்ளையின் பெட்டி

டப் என்று ஒரு சத்தம். மின்விசிறி நின்றது, மாமனார் பார்த்துக்கொண்டிருந்த கால்பந்து ஆட்டம் நின்றது, சலவை இயந்திரம் பாதிச் சுற்றில் முனகி அடங்கியது. சமையலறைக் கத்தியோடு சுவரோரம் குந்தியிருந்த நான், எனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

கத்தியின் முனை கருகியிருந்தது. அதற்கு என்னைப் போல் நடிக்கத் தெரியவில்லை.

“ஷாக் அடிச்சுதா மாப்பிள்ளை?” என்றார் மாமனார்.

“இல்ல மாமா.”

“எப்படி அடிக்கும்? சின்ன மாப்பிள்ளையோட பெட்டி இருக்குல்ல.”

என்னைக் காப்பாற்றியது கத்தியின் மரப்பிடி. ஆனால் இந்த வீட்டில் அதற்கும் எனக்கும் ஒரே மரியாதைதான்.

சின்ன மாப்பிள்ளை என் சகலை; மனைவியின் தங்கை கணவன். வீடு வீடாகப் போய் எதையாவது விற்பவன். போன வருஷம் முடி வளர்க்கும் சீப்பு விற்றான். அவன் தலையே வழுக்கை. இந்த முறை சோப்புக்கட்டி அளவில் ஒரு பெட்டி, அதில் பச்சை விளக்கு. பிளக்கில் செருகினால் வீட்டில் எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்காதாம். நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டான். அதைத்தான் இப்போது கத்தியால் நெம்பினேன்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது வந்ததிலிருந்து நிஜமாகவே ஷாக் அடிக்கவில்லை.

அதற்கு முன் இயந்திரத்தைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கும். வீட்டு வயரிங் என் கைவேலை. நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். அங்கே வந்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே செய்தது. பச்சை வயரை எங்கே கொண்டுபோய் முடிப்பது என்ற பக்கம் மட்டும் அச்சாகி வரவில்லை. சிவப்பும் கறுப்பும் இருக்கும்போது பச்சை எதற்கு, அழகுக்காக இருக்கும் என்று சுருட்டி, பிளக்குக்குப் பின்னால் சுவருக்குள் திணித்து மூடிவிட்டேன்.

ஷாக்குக்கு நான் கண்டுபிடித்த மருந்து ரப்பர் செருப்பு. ஊதா நிறத்தில் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். மனைவியும் குறை சொல்லாமல் போட்டுக்கொண்டு துணி துவைத்தாள்.

பெட்டி வந்த அன்றே செருப்பு பரணேறிவிட்டது. இப்போது ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, பாட்டு முணுமுணுத்தபடி துணி எடுக்கிறாள். இன்னொருவன் பேச்சை நம்பி நிற்கிற அந்தக் கால்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காது வரைக்கும் சுடும். பெட்டி டுபாக்கூராக இருந்தால் அவள் கதி என்ன என்ற பயமும் இருந்தது. பொறாமை முக்கால், பயம் கால்.

போதாக்குறைக்கு ஒரு செடி. பெட்டி மாட்டிய அன்று இருவரும் சேர்ந்து பின்சுவரோரம் குழி தோண்டி வைத்தார்களாம். இன்றுவரை ஓர் இலைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் தினமும் குவளை குவளையாகத் தண்ணீர். அவன் எப்போது வந்தாலும் முதல் கேள்வி, “அண்ணி, தண்ணி ஊத்துறீங்கல்ல?” என்னிடம் ஒரு நாளாவது சாப்பிட்டீங்களா என்று கேட்டதில்லை.

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போய், ஃப்யூஸைச் சரிசெய்தேன். ஆட்டம் திரும்ப வந்தது; அதைப் பார்க்க வந்து மாமனார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சகலை ஒரு பிஸ்கட்டை எடுத்தான்.

“மொதல்ல அதை மாட்டுங்க மாப்பிள்ளை,” என்றார் மாமனார். “பொண்ணு அங்க வேலை செய்யுது.”

“இருங்க மாமா. உள்ள என்னதான் இருக்குன்னு பாத்துடலாம். உங்க சின்ன மாப்பிள்ளையும் இங்கதான இருக்காரு.”

குறட்டில் வைத்து நெரித்தேன். ஓடு பிளந்தது. உள்ளே ஒரு குட்டி விளக்கு, கனத்துக்காக ஒரு சிமென்ட் கட்டி. அவ்வளவுதான்.

“பாத்தீங்களா? இவங்க வச்ச செடி மாதிரியேதான். உள்ள ஒண்ணும் கிடையாது.”

சகலையின் முகம் எப்படிச் சுருங்கும் என்று ஆசையாகத் திரும்பினேன். அவன் பிஸ்கட்டை நிதானமாக மென்று முடித்தான்.

“ஆமாண்ணா, ஒண்ணும் இல்ல. கொண்டுவரும்போதே தெரியும்.”

அப்போதுதான் காதில் விழுந்தது. சலவை இயந்திரம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் என் மனைவியின் ஈரக் கை. கீழே ஈரத் தரையில் வெறுங்கால். பெட்டியோ என் கையில் இரண்டு துண்டாக.

“கைய எடும்மா,” என்று கத்தினேன். அந்த நொடியில் என் முக்கால் பங்குப் பொறாமை எங்கே போனதென்று தெரியவில்லை.

அவள் கையை எடுக்கவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகவும் இல்லை.

நான் போய் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். பிறகு உள்ளங்கையை வைத்தேன். இயந்திரம் பசுமாடு மாதிரி சாதுவாக நின்றது.

“அப்புறம் எதுக்குடா இதை மாட்டுன?” என்றேன் சகலையிடம்.

“அண்ணியையே கேளுங்கண்ணா. கோமாளிப் பட்டம் வாங்குனது எனக்குப் போதும்.”

மனைவி குவளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பின்கதவை நோக்கி நழுவினாள்.

“நில்லு. நேராச் சொல்லு. அது என்ன செடி?”

அவள் குவளையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“செடி இல்லைங்க. நீங்க சுவத்துக்குள்ள சுருட்டி வச்சீங்களே பச்சை வயரு, அதைத் தம்பி ஆள் வச்சு மண்ணுல இறக்கியிருக்காரு. மண்ணு ஈரமா இருந்தாத்தான் ஷாக்கை இழுத்துக்குமாம், அதுக்குத்தான் தண்ணி. பெட்டி, உங்க மனசு நோகாம இருக்க.”