ஓடாத காரின் எண்ணெய்

எண்ணெய் தேன் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி அவர் அதைப் பார்த்தார். ஓடுகிற கார் என்றால் மையாய்க் கறுத்திருக்கும். இது ஓடவில்லை. இந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக மாற்றுகிறார்.

மகளுக்கு ஏழாம் மாதம். போய் அழைத்து வர வேண்டும். போவதற்கு முன் எண்ணெய் மாற்ற வேண்டும். மாற்றி முடித்ததும் போக மனம் வராது. கார் நிற்கும். நின்ற காரை அப்படியே எடுக்கலாமா? மறுபடியும் எண்ணெய்.

'அவனக் கட்டிக்கிட்டா இந்தக் கார்ல உன் கால் படாது' என்று தெருவே கேட்கச் சொன்னவர் அவர்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள். அதன் பிறகு பேச்சில்லை.

"ஓடாத காருக்குச் சனிக்கிழமை தவறாம எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுறது ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள் மனைவி, சமையலறை ஜன்னலிலிருந்து.

அவர் காதில் விழவில்லை. விழாதபடி அவருக்குப் பழக்கம்.

எண்ணெய் வடிக்கக் கழற்றிய போல்ட்டைக் கைலி மடிப்பில் சுருட்டிச் செருகியிருந்தார். எண்ணெய் இளகட்டும் என்று எஞ்சினைக் கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டிருந்ததால், வயிற்றில் வெதுவெதுவென்று இருந்தது. ஃபில்டர் மூடியை முன்பே திறந்தாயிற்று. உள்ளே இருந்தது தகர டப்பா அல்ல, மடிப்பு மடிப்பான காகிதம். மூடியின் கழுத்தில் கிடந்த பழைய ரப்பர் வளையத்தை உருவிப் பெருவிரலில் மாட்டிக்கொண்டார். புது வளையம் மேலே, பானெட் ஓரத்தில்.

ஊற்றி வைத்தது மூன்று லிட்டர். இறங்கியதோ ஓர் ஆறு.

கண் செருகியது.

அவருக்கு மேலே கார் தானாகக் கிளம்பியது. இருந்த இடத்தை விட்டு நகராமலே போனது. வீடுகள்தான் பின்னால் நடந்தன. ஃபில்டர் காகிதம் மடிப்பு மடிப்பாக விரிந்து சாலையானது. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு புளியமரம். மரத்தடியில் நின்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்து, "அங்கதான போறீங்க?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றார்.

மகள் வீட்டு வாசல் வருவதற்குள் காகிதம் தீர்ந்துவிட்டது.

கண்ணைத் திறந்தார்.

காருக்குப் பக்கத்தில் இரண்டு கால்கள்.

வீங்கிய கால்கள். செருப்பு வார் பதிந்திருந்தது. பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். அவருடைய காலும் அப்படித்தான்.

கனவென்றால் முழு ஆளாக வந்திருப்பாள்.

தலையைச் சாய்த்துப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே இன்னும் இரண்டு கால்கள். பக்கத்தில் ஒரு பை, தரையில் வைக்கலாமா கூடாதா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

சமையலறையில் தாளிக்கும் சத்தம் தேவைக்கு மேல் கேட்டது. போன் போட்டு இவர்களை வரவழைத்தவள் மனைவிதான்.

அவர் வெளியே வரவில்லை. எண்ணெய் எப்போதோ நின்றுவிட்டது. கடைசிச் சொட்டு பாக்கி இருக்கிறது என்று காத்திருந்தார். ஒரு சொட்டு விழ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட கார் உலகத்தில் வேறு கிடையாது.

வீங்கிய கால்கள் பானெட் வரை நடந்து திரும்பி வந்தன. பின் கதவு திறந்தது.

மகள் சீட்டின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள். கார் அவருடைய நெஞ்சை நோக்கி ஒரு விரற்கடை தாழ்ந்தது. கால்கள் மட்டும் வெளியே, தரையில்.

சொன்ன சொல்லுக்குச் சேதமில்லை.

"என்னப்பா இது, பானெட்ல வளையல் வச்சிருக்கீங்க?" மேலேயிருந்து குரல் வந்தது. "எனக்கு ஏற மாட்டேங்குது. கை வீங்கியிருக்கு."

காருக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. பெருவிரலில் பழைய வளையம். எண்ணெயில் ஊறி நெகிழ்ந்திருந்தது.

அவள் குனியவில்லை. கையை மட்டும் தொங்கவிட்டாள்.

வளையம் விரல் முட்டிகளைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய் மணிக்கட்டில் உட்கார்ந்தது.

"இறுக்குதா?"

"இல்லப்பா."

அவர் வெளியே ஊர்ந்து வந்தார். எண்ணெய்த் தட்டை ஓரமாக இழுத்து வைத்தார். மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. எஞ்சினைப் பார்த்தார். புது ஃபில்டர். மூடிக்கு மகள் நீட்டிய புது வளையம், அதற்கு ஒரு விரல் எண்ணெய். மூடியை முறுக்கினார். கேனைத் திறந்து ஊற்றினார்.

ஊற்றிக்கொண்டே இருந்தார்.

அடியில் போல்ட் இல்லாத ஓட்டை வழியே எண்ணெய் இறங்கியது. சிமெண்டுத் தரையில், சரிவு பார்த்து, வெயிலில் மின்னிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தது. கேட்டுக்கு அடியில் புகுந்தது. வெளியே நின்ற செருப்பை எட்டியது.

"சார்! எண்ணெ பூரா வெளிய ஓடுது சார்!"

தாளிக்கும் சத்தம் நின்றது.

அவர் கேனை நிமிர்த்தினார். கேட்டைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். பிறகு எதையுமே பார்க்காமல் சொன்னார்.

"போல்ட்டு எங்கயோ விழுந்துருச்சு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. உள்ள வந்து தேடிக் குடுங்க மாப்ள."

கேட் கிறீச்சிட்டது. செருப்பு வெளியிலேயே நின்றது. பை படியில் உட்கார்ந்தது. வெள்ளைச் சட்டை, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், எண்ணெய்மேல் மல்லாந்து காருக்கு அடியில் போனது.

"எந்தப் பக்கம் விழுந்துச்சு மாமா?"

"அங்கதான். நல்லாப் பாருங்க."

அவர் நிலைக்கதவில் சாய்ந்துகொண்டார். கைலியை அவிழாமல் ஒரு தடவை இறுக்கிச் செருகிக்கொண்டார்.

மடிப்புக்குள் போல்ட்டின் சூடு இன்னும் ஆறவில்லை.