வெட்டினாலும் ஒட்டும் எண்

"எண்ணுல ஒரு அதிசயம் காட்டு மக்கா. நான் வாயைப் பிளந்தா பொண்ணு உனக்கு. பிளக்கலேன்னா காப்பியைக் குடிச்சிட்டு நடையைக் கட்டு!"

இரணியலில் கணக்கு சார் ரசலையன் சொன்னால் சொன்னதுதான். 1934-இல் அவர் மகள் பூங்கனியைக் கேட்டு வந்த மாப்பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால், வால் பூதப்பாண்டியில் கிடக்கும். பி.ஏ. படித்தவன் பகா எண்ணோடு வந்தான். சார் கொட்டாவி விட்டார். ரப்பர் எஸ்டேட்காரன் மாயச்சதுரத்தோடு வந்தான். சார் குறட்டையே விட்டார்.

இன்று வந்திருப்பவன் சத்தியராஜ். நாகர்கோவில் துணிக்கடையில் கஜக்கோல் பிடிப்பவன். ஏழாம் வாய்ப்பாடு என்றாலே வேர்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பூங்கனி பாடும் திசையைத் தவிர வேறு திசை அறியாதவன். அவள் கிடைக்காவிட்டால் கொழும்புக்குக் கப்பலேறிவிடுவதாகத் துணிப்பெட்டி கட்டி வைத்திருந்தான்.

சாக்பீஸை வாங்கித் தரையில் எழுதினான்: 142857.

"இதை ரெண்டால பெருக்குங்க சார். 285714. மூணால? 428571. அதே ஆறு இலக்கந்தான், செக்குமாடு மாதிரி வட்டம் சுத்தும். ஏழால பெருக்கினா..."

"ஆறு ஒன்பது வரிசையா நிக்கும். ஏலே, இது நான் பால்குடி மறக்குமுன்னே கேட்டதாக்கும். காப்பி ஆறுது பாரு."

சத்தியராஜின் முகம் காப்பியைவிடக் கறுத்தது. அடுக்களையில் பூங்கனி அரைத்துக்கொண்டிருந்த அம்மிச் சத்தம் சட்டென்று நின்றது.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார்" என்றான், மென்று விழுங்கி. "இதை இதாலயே பெருக்குங்க."

சார் அலட்சியமாகப் பெருக்கி எழுதினார்: 20408122449.

"ரெண்டா வெட்டுங்க. தலையில அஞ்சு இலக்கம், வாலுல ஆறு."

20408. 122449.

"இனி ரெண்டையும் கூட்டுங்க சார்."

கூட்டினார்.

142857!

பெருகி, பருத்து, வெட்டுப்பட்டு விழுந்த எண், தன்னைத்தானே பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு, ஒரு கீறல்கூட இல்லாமல் வாசலில் வந்து நின்றது. கடியப்பட்டணத்துக் கடல் ஒரு நொடி அலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தது. சாரின் வாய் மெல்லத் திறந்தது. ஒரு ஈ உள்ளே போய், சாவகாசமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது.

"கர்த்தரே!" என்றார், கண் கலங்கி. "பொண்ணு உனக்குத்தான் மக்கா!"

அம்மி மறுபடி ஓடியது, இப்போது தாளத்தோடு.

அவன் தலை மறைந்ததும் மனைவி நேசம்மாள் பொரிந்து தள்ளினாள். "எஸ்டேட்டுக்காரனை விரட்டிட்டு, கஜக்கோல் பிடிக்கவனுக்கா குடுக்கிய? ஒரு கணக்குக்காகவா பிள்ளையைப் பெத்தோம்? அவ மனசுல யாரு இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டியளா?"

"இப்பதான் கேட்டேன் நேசம்" என்றார் ரசலையன், தரையில் இருந்த எண்ணை அழிக்க மனமில்லாமல் பார்த்தபடி. "அந்தக் கடைசி வித்தை நானா போட்டுப் பாத்துக் கண்டது. நம்ம பூங்கனி ஒருத்தியைத் தவிர, இந்த உலகத்துல யாருக்கும் நான் சொன்னதில்ல."