கோலமாவு டப்பா

கோலத்தை நாய் நக்கிக்கொண்டிருந்தது.

சும்மா மோந்து பார்க்கவில்லை. கண்ணை மூடி, ரசித்து, ஒரு இழையையும் விடாமல் நக்கியது. எதிர்ப்பக்கத்து இழைகளை ஒரு பூனை கவனித்துக்கொண்டது. இரண்டுக்கும் சண்டைகூட இல்லை.

அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

போச்சு. டப்பாவை எடுத்துவிட்டார்கள்.

கோலம் போட்டது அவளில்லை. தன் தம்பியைப் பார்க்க நேற்று வந்த நாத்தனார் சௌந்தரம். போன இடத்தில் சும்மா உட்காராத கை அது. விடிந்ததும் வாசல் தெளித்து, அடுப்படி மூலையிலிருந்த கோலமாவு டப்பாவைத் தூக்கி வந்து, வாசலை அடைத்து ஒரு தேர்க்கோலம்.

"ஏத்தா, இது என்ன மாவு? ஈரத்துல போட்டா நுரைக்குது!"

கோலம் எறும்புக்குத் தீனி என்பார்கள். இது எறும்புக்கு வாங்கியது இல்லை.

தசை வளர்க்கிற பவுடர். ஜிம்முக்குப் போகிறவர்கள் குடிப்பது. மருந்துக்கடையில் தம்பிக்கு என்று பொய் சொல்லி வாங்கியிருந்தாள். அவளுக்குத் தம்பியே கிடையாது.

டப்பாவின் மேல் ஒரு படம் இருந்தது. படத்தில் இருந்தவனுக்குச் சட்டை கிடையாது. அதைக் குடித்தனம் பண்ணுகிற வீட்டில் எங்கே வைப்பது? கோலமாவைப் பொட்டலமாக மடித்துவிட்டு, அந்த டப்பாவில் கொட்டி வைத்தாள். அந்த வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் தொடாத டப்பா அது ஒன்றுதான்.

முதல் நாள் பால்பவுடர் கலக்குவதுபோல் வெந்நீரில் கலக்கினாள். திரிந்து, உருண்டை உருண்டையாக, வெந்த முட்டை மாதிரி மிதந்தது.

கொட்ட மனசு வரவில்லை.

மாங்காய் ஊறுகாய் தொட்டுக்கொண்டு விழுங்கினாள்.

எல்லாம் உள்ளே கட்டிலில் கிடக்கிறவனுக்காக.

அவள் கணவன் வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவன். லாரியிலிருந்து விழுந்து கால் முறிந்தது. உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். காலை ஊன்றக் கூடாது. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு யாராவது தூக்கி உட்கார்த்த வேண்டும்.

காலையில் பக்கத்து வீட்டு மரியதாஸ் அண்ணன் வருவார். நல்ல மனிதர். ஆனால் பால் ஊற்றி முடித்துத்தான் வருவார்.

அதுவரை அவன் சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பான். ஒன்றுக்குப் போக அவள் பாத்திரம் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். முந்தின நாள் பொழுது சாய்ந்ததுமே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவான்.

தொண்டை காய்ந்து அவன் எச்சில் விழுங்குவது அவளுக்குக் கேட்கும்.

ஒருநாள் முடிவு செய்தாள். இனி யாரையும் கூப்பிடுவதில்லை. நானே தூக்குவேன்.

உடம்பு என்னவோ முருங்கைக் குச்சி. அதற்காக விட்டுவிட முடியுமா? அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அரிசி மூட்டையைத் தூக்கிப் பழகினாள். முதலில் மூட்டை அசையவே இல்லை. போன வாரம் இடுப்பு வரைக்கும் வந்தது.

இப்போது சௌந்தரம் டப்பாவோடு முன்னறையில் நிற்கிறாள். உள்ளே கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் கரண்டியை வெளியே எடுக்கிறாள்.

கட்டிலும் அதே அறையில்தான். இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

"நான்தான் மதினி குடிக்கிறேன். இவரைத் தூக்குறதுக்கு."

சௌந்தரம் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

கட்டிலில் சிரிப்பு இல்லை.

அவளுக்கு அவமானமாக இருந்தது. முந்தானையை இழுத்துச் செருகினாள். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டித் தள்ளி, பிரேக்கைப் போட்டாள். குனிந்து, அவன் அக்குளுக்குள் கையைக் கொடுத்தாள்.

தூக்கினாள்.

அரை அடி எழும்பியவன் பொத்தென்று விழுந்தான். அவளும் அவன் மேலேயே விழுந்தாள். கட்டில் கிறீச்சிட்டது. சௌந்தரத்தின் சிரிப்பு சட்டென்று நின்றது.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். வெகுநாள் கழித்துச் சுவரைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான்.

"மூட்டைய கையால தூக்கக் கூடாதுடி. நெஞ்சோட அணைச்சுக்க. முட்டிய மடக்கு. மூச்சைப் பிடிச்சு, முட்டியால எந்திரி."

சொல்லிவிட்டு அவனே அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

நெஞ்சோடு அணைத்தாள். முட்டியை மடக்கினாள்.

மரியதாஸ் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டபடி வந்தார். வாசலில் பழக்கதோஷத்தில் காலை எட்டிவைத்துக் கோலத்தைத் தாண்டினார். அங்கே கோலம் இல்லை. கொஞ்சம் நுரையும், வயிறு நிறைந்து படுத்திருந்த நாயும்தான்.

உள்ளே கட்டில் காலி.

கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் சௌந்தரம் உட்கார்ந்திருந்தாள். டப்பாவின் அடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்து, வாயில் வைத்துக்கொண்டாள்.

பின்பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

அன்று பொழுது சாய்ந்தது. சாப்பாட்டுத் தட்டோடு எப்போதும்போல் அரை டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அவன் டம்ளரைத் தொடவில்லை.

"சொம்புல கொண்டா" என்றான்.

அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தான்.