பதினேழு டிகிரி

வீட்டைப் புதுப்பித்து முடித்ததும் அறைகளைச் சூடாக்கும் ஹீட்டருக்குப் புதுக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கப் போனோம். சுவரில் திருகுகிற குமிழ் இல்லாத, செல்போனில் மட்டுமே இயங்குகிற கருவியாகக் கேட்டேன்.

"ஏன், திருகினா கை தேஞ்சுடுமா?" என்றான் என் கணவன் நெவில்.

"உங்கப்பா கைக்கு எட்டாததா வேணும்."

நெவில் சிரிக்கவில்லை. அவன் அப்பா கிளிஃபோர்டு இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீடு அவருடையது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் குளிரிலும் கூடத்துக் குமிழைப் பதினேழுக்கு இறக்கிவிட்டு, "குளிருதா? ஸ்வெட்டரை எடுத்து மாட்டும்மா" என்பார். அதற்காகவே நானும் அவரும் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு. அவருடைய பச்சை ஸ்வெட்டரை நானே பழந்துணிக் கடைக்குத் தானமாகக் கொடுத்தேன். குமிழ் இருந்த இடத்தைப் பூசி வெள்ளையடித்தாயிற்று.

புதுக் கருவியில் இருபத்தொன்று வைத்தேன். சாயங்காலம் பதினேழு காட்டியது. மறுநாளும் பதினேழு.

"நீதானே குறைச்சே?" என்று நெவிலைக் கேட்டேன்.

"நான் தொடவே இல்ல. கடையில மாத்திக் கேப்போம்."

இன்று மதியம் தனியாக இருந்தேன். வெளியே மழை. சோபாவில் சுருண்டபடி மறுபடி இருபத்தொன்று வைத்தேன். யாரோ நிதானமாகத் திருகுவதுபோல எண் ஒவ்வொன்றாக இறங்கியது.

"சரி மாமா, போட்டுக்கிறேன்" என்றேன், சும்மா ஒரு பேச்சுக்கு.

சோபாவின் கைப்பிடியில் பச்சை ஸ்வெட்டர் கிடந்தது. எடுத்து மாட்டிக்கொண்டேன். இப்போதுதான் கழற்றிக் கொடுத்ததுபோல உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது.